ஐந்தாவது தீபத்துக்கு அப்பா வந்துவிட்டார்!

லண்டன் கணவர், போலந்து மனைவி, மூன்று குழந்தைகள். போர் பிரித்துப் போட்ட ஒரு குடும்பம் திருவண்ணாமலையில் காத்திருந்த கதை.

கார்த்திகைப் பௌர்ணமி நெருங்கினாலே திருவண்ணாமலை வேறு ஊராகிவிடும். ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் முளைக்கும். லாட்ஜ்களில் இடம் இருக்காது. சொந்தக்காரர் வீட்டுத் திண்ணைகூட மாதக்கணக்கு முன்பே பேசி வைக்கப்பட்டிருக்கும். அதிகாலை 4 மணிக்குக் கோயிலுக்குள் பரணி தீபம். மாலை 6 மணிக்கு 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகாதீபம். அதற்குச் சற்று முன்னால், ஆண்டுக்கு ஒரே ஒரு முறை, சில நிமிடங்கள் மட்டும் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து காட்சி தருவார். ஆண் பாதி, பெண் பாதியாக அம்மையப்பர் ஒரே உருவில் ஆடி வரும் அந்த நிமிடத்தில் லட்சக்கணக்கான கைகள் தலைக்கு மேல் குவியும். அடுத்த கணம் மலை உச்சியில் சுடர் தெரியும். "அண்ணாமலைக்கு அரோகரா!"

மகாதீபம் தொடர்ந்து 11 நாள் எரியும். ஆனால் கூட்டம் ஓரிரு நாளில் கலைந்துவிடும். ஊர் தன் பழைய நடைக்குத் திரும்பும். அப்போது செங்கம் சாலைப் பக்கம், ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து போனால் இன்னொரு பண்டிகைக் காலம் கண்ணில் படும்.

அது சத்தமில்லாத காலம். நரைத்த முடியோடு ஒரு வெளிநாட்டுத் தம்பதி காய்கறிப் பையுடன் நடந்து போவார்கள். வாடகை வீட்டு மாடியில் ஒரு காகித நட்சத்திரம் தொங்கும். வாசலில் பக்கத்து வீட்டு அம்மா போட்டுக் கொடுத்த மார்கழிக் கோலம் இருக்கும். ஐரோப்பாவில் பனி கொட்டும் டிசம்பர் மாதத்தில், இங்கே மலைக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அமைதியாகப் பண்டிகையைக் கழிக்கிறவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். சிலர் வந்தவர்கள்தான், திரும்பிப் போகவே இல்லை.

இப்படி இந்த ஊரை வீடாக்கிக்கொண்டவர்களில் மறக்கக்கூடாத ஒரு தம்பதி ஆர்தர் ஆஸ்போர்ன், லூசியா ஆஸ்போர்ன். ஆனால் அவர்களுடைய முதல் நான்கு பண்டிகைக் காலங்களை அவர்கள் சேர்ந்து கழிக்கவில்லை.

பாங்காக்கில் கிடைத்த ஒரு படம்

ஆர்தர் ஆஸ்போர்ன் 1906-ல் லண்டனில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். படிப்பு முடிந்ததும் ஊரில் ஒரு நல்ல வேலையில் உட்கார்ந்திருக்கலாம். அவர் போலந்துக்குப் போனார். அங்கே ஆசிரியர் வேலை பார்த்தார். அங்கேதான் லூசியாவைச் சந்தித்துத் திருமணம் செய்துகொண்டார். இருவருக்குமே ஆன்மிகத் தேடல் இருந்தது. கீழை நாட்டுத் தத்துவ நூல்களை ஒன்றாகப் படித்தார்கள்.

பிறகு தாய்லாந்து. அப்போது அதற்கு சயாம் என்றும் பெயர். பாங்காக்கின் சுலலாங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் ஆர்தருக்கு ஆங்கில விரிவுரையாளர் வேலை. 1939 மார்ச்சில் அவர்களுடைய மகன் ஆடம் பிறந்தது பாங்காக்கில்தான். அதே ஆண்டு செப்டம்பர் 1-ல் ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தது. லூசியாவுக்குப் பிறந்த வீட்டுக்குப் போகும் வழி அடைபட்டது.

பாங்காக்கில் இருந்தபோதுதான் ரமண மகரிஷியைப் பற்றிய நூல்களும் அவருடைய புகைப்படமும் ஆர்தருக்குக் கிடைத்தன. அந்தப் படத்தில் இருந்த முகம் அவரை விடவில்லை. திருவண்ணாமலையில் அவர்களுடைய நண்பர் ஒருவருக்கு வீடு இருந்தது. 1941-ல் விடுமுறைக்குக் குடும்பத்தோடு இந்தியா வந்தார்கள்.

விடுமுறை முடிந்தது. அந்தச் செப்டம்பரில் ஆர்தர் மட்டும் வேலைக்குத் திரும்பினார். உலகம் இருந்த நிலையில் மனைவியையும் குழந்தைகளையும் அழைத்துப் போவது சரியாகப்படவில்லை. லூசியாவும் மூன்று குழந்தைகளும் நண்பரின் திருவண்ணாமலை வீட்டில் தங்கினார்கள். இதில் ஒரு விநோதம் உண்டு. புகைப்படத்தைப் பார்த்து மனம் பறிகொடுத்த ஆர்தர் மகரிஷியை நேரில் பார்க்காமலே கப்பல் ஏறினார். அவருடைய மனைவியும் குழந்தைகளும் மகரிஷியின் காலடியில் குடியேறினார்கள்.

இரண்டரை வயது மகனுக்கு, அப்பா வேலைக்குப் போயிருக்கிறார் என்பது மட்டும்தான் புரிந்திருக்கும்.

தீபம் முடிந்த ஐந்தாறு நாட்களில்...

அந்த ஆண்டு கார்த்திகைப் பௌர்ணமி டிசம்பர் முதல் வாரத்தில் வந்தது. தீபம் முடிந்து ஐந்தாறு நாட்கள்தான் ஆகியிருக்கும். டிசம்பர் 8, 1941 அன்று ஜப்பானியப் படை தாய்லாந்துக்குள் இறங்கியது. சில மணி நேரங்களில் சண்டை நின்றது. ஜப்பானுக்கு வழிவிட தாய்லாந்து ஒப்புக்கொண்டது. அடுத்த மாதம், 1942 ஜனவரி 25 அன்று, தாய்லாந்து அரசு பிரிட்டன்மீதும் அமெரிக்காமீதும் போர் அறிவித்தது.

பாங்காக்கில் இருந்த பிரிட்டிஷ் குடிமக்கள் ஒரே நாளில் எதிரிகள் ஆனார்கள். தம்மாசாத் பல்கலைக்கழக வளாகத்தில் அவர்களுக்குத் தடுப்பு முகாம் அமைக்கப்பட்டது. நேற்று வரை ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர்கள் இன்னொரு பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் கைதிகளாக இருந்தார்கள். தாய்லாந்து அதிகாரிகளின் பொறுப்பில் இருந்ததால், ஜப்பானியப் படையே நடத்திய முகாம்களைவிட அங்கே கெடுபிடி குறைவு. ஆனாலும் முகாம் முகாம்தான். எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆர்தர் ஆஸ்போர்ன் போர் முடியும்வரை காவலில் இருந்தார்.

இந்தப் பக்கம், திருவண்ணாமலையும் பயத்தில்தான் இருந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வரப்போகிறார்கள் என்ற அச்சத்தில் சென்னை நகரமே பாதி காலியானது. மூட்டை முடிச்சோடு உள்ளூர்களுக்கு ரயிலேறினார்கள் மக்கள். பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி வரத்து நின்றுபோனது. நடந்தே ஊர் திரும்பிய தமிழர்களின் கதை வீட்டுக்கு வீடு பேசப்பட்டது. 1943 அக்டோபரில் சென்னைமீது ஒரு ஜப்பானிய விமானம் குண்டு வீசியது.

அந்த நேரத்தில் இந்த ஊரில் மூன்று சின்னக் குழந்தைகளோடு ஒரு போலந்து நாட்டுப் பெண். பிறந்த நாடு ஜெர்மானியர் கையில். வேலை பார்த்த நாடு எதிரி முகாமில். கணவர் கம்பி வேலிக்குள். மிச்சமிருந்தது இந்த மலை ஒன்றுதான்.

முதல் நட்சத்திரமும் மலை விளக்கும்

லூசியா பிறந்த போலந்தில் கிறிஸ்துமஸ் என்றால் 25-ம் தேதியைவிட 24-ம் தேதி இரவுதான் பெரிது. அன்று பகல் முழுக்கச் சமையல் நடக்கும். ஆனால் யாரும் சாப்பிட உட்கார மாட்டார்கள். குழந்தைகள் ஜன்னலோரம் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் விருந்து தொடங்கும். மாமிசம் கிடையாது. பன்னிரண்டு வகைப் பதார்த்தங்கள் வைப்பது வழக்கம். சாப்பிடும் முன்பு, அப்பளம்போல் மெல்லிய ஒரு மாவுத் தகட்டை ஒருவருக்கொருவர் பிட்டுக் கொடுத்து வாழ்த்திக்கொள்வார்கள்.

திருவண்ணாமலைக் குழந்தைகளுக்கு இது புதிதாகத் தோன்றாது. கார்த்திகை அன்று மாலை 5 மணியிலிருந்தே அவர்கள் மொட்டை மாடியில் நின்று மலை உச்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாசலில் அகல் வரிசை எண்ணெயும் திரியுமாகத் தயாராக இருக்கும். ஆனால் ஏற்ற மாட்டார்கள். மலையில் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கு. விரதம் இருப்பவர்களுக்கு அதற்குப் பிறகுதான் சாப்பாடு. அங்கே முதல் நட்சத்திரம், இங்கே மலை விளக்கு. இரண்டு ஊரிலும் குழந்தைகள் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

போலந்து வழக்கத்தில் இன்னொன்றும் உண்டு. அந்த இரவு விருந்து மேசையில் ஆட்களின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக வைப்பார்கள். எதிர்பாராமல் கதவைத் தட்டும் விருந்தாளிக்கு என்று சிலர் சொல்வார்கள். வர முடியாமல் போன, நம்மோடு இல்லாத ஒருவருக்கு என்றும் சொல்வார்கள். அந்தத் தட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். ஆனால் அது அங்கே இருக்க வேண்டும்.

1941, 42, 43, 44. நான்கு கார்த்திகை, நான்கு கிறிஸ்துமஸ். செங்கம் சாலையோரத்து அந்தக் குடும்பத்தில் ஓர் இடம் காலியாகவே இருந்தது.

பகவானிடம் ஒரு வேண்டுகோள்

அந்தக் காலத்து ரமணாசிரமம் இன்றுபோல் பெரியதல்ல. பழைய ஹாலில் ஒரு சோபாவில் பகவான் அமர்ந்திருப்பார். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம். அணில் வரும், பசு லட்சுமி வரும், குழந்தைகளும் வருவார்கள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் என்ன பரிமாறப்படுகிறதோ அதையேதான் அவரும் சாப்பிடுவார். தனக்கென்று ஒரு ஸ்பெஷல் எதையும் ஏற்க மாட்டார்.

அங்கே ஐரோப்பியர்கள் புதிதல்ல. 1931-லேயே பால் பிரண்டன் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் வந்து போய், 1934-ல் எழுதிய நூலால் மகரிஷியின் பெயர் மேல்நாடுகளில் பரவியிருந்தது. 1938-ல் நாவலாசிரியர் சாமர்செட் மாம் வந்திருந்தார். 1935-ல் வந்த மேஜர் சாட்விக் என்ற ராணுவ அதிகாரி ஆசிரமத்திலேயே குடியிருந்தார். 1962-ல் இறக்கும்வரை இதுதான் அவருக்கு ஊர். ஆனால் இவர்கள் பெரும்பாலும் தனி ஆட்கள். ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், அதுவும் பேச்சும் விளையாட்டுமாக மூன்று குழந்தைகள் ஆசிரமத்தைச் சுற்றி வளர்வது அங்கே புதுக் காட்சி.

அந்த நாட்களைப் பற்றிய ஆஸ்போர்ன் குடும்பத்தின் நினைவுகளில் ஒன்று ரமண பக்தர்களுக்கு நன்கு தெரிந்தது. சிறுவன் ஆடம் பகவானிடம் போய், அப்பாவைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். பகவான் தலையசைத்தார். அவ்வளவுதான். ஆசி, மந்திரம், பரிகாரம் என்று எதுவும் இல்லை. ஒரு குழந்தை கேட்டது, பெரியவர் ஒருவர் சரி என்றார்.

அந்தத் தலையசைப்பை நம்புவதா வேண்டாமா என்பது அவரவர் மனதைப் பொறுத்தது. ஆனால் போர் நடக்கும் உலகத்தில், என்ன நடக்கும் என்று எந்த அரசாங்கமும் உறுதி சொல்ல முடியாத நேரத்தில், ஒரு குழந்தைக்கு அந்தத் தலையசைப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் காத்திருந்து பார்த்த எல்லா வீடுகளும் அறியும்.

கார்த்திகையா, தீபாவளியா?

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. முகாம் கதவுகள் திறந்தன. அந்த ஆண்டின் பிற்பகுதியில் ஆர்தர் ஆஸ்போர்ன் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். மகனுக்கு இரண்டரை வயதாக இருந்தபோது கிளம்பிப் போன அப்பா, மகனுக்கு ஆறரை வயதானபோது திரும்பி வந்தார்.

சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். ஆனால் ஆஸ்போர்ன் பின்னாளில் மிக நேர்மையாக ஒன்றை எழுதினார். முதல்முதலாக ஹாலுக்குள் போய் மகரிஷியைப் பார்த்தபோது அவருக்குப் பெரிதாக எதுவும் தோன்றவில்லை. பாங்காக்கில் கையில் கிடைத்த அந்தப் புகைப்படமே நேரில் பார்த்த மனிதரைவிட உயிரோட்டமாக இருந்ததாகத் தோன்றியது. நான்கு ஆண்டுகளாக மனைவியும் குழந்தைகளும் உயிராக நினைத்த ஒருவரை அவரால் உடனே அப்படி நினைக்க முடியவில்லை.

நீண்ட நாள் பிரிந்திருந்து வீடு திரும்பியவர்களுக்கு இது புரியும். வீட்டில் எல்லோரும் ஓர் ஊராகிவிட்டிருப்பார்கள். வந்தவர் மட்டும் அந்நியராக நிற்பார். குழந்தைகளுக்குத் தெரிந்த பாதை அவருக்குத் தெரியாது. மனைவி பேசும் பெயர்கள் அவருக்குப் பழகியிருக்காது. சேர்ந்துவிட்டோம் என்று மனசு ஒப்புக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும்.

ஆஸ்போர்னுக்கும் சில வாரங்கள் ஆயின. பிறகு ஒரு பண்டிகை மாலை. ஊரெங்கும் கூட்டம். ஹால் போதாமல் எல்லோரும் வெளியே முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பகவான் சாய்மானத்தில் இருந்தார். ஆஸ்போர்ன் முன் வரிசையில் இருந்தார். திடீரென்று பகவான் நிமிர்ந்து உட்கார்ந்து அவரை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வை தன் உள்ளே ஊடுருவியது என்றும், சொல்லால் சொல்ல முடியாத ஓர் அமைதி நிறைந்தது என்றும் ஆஸ்போர்ன் எழுதினார். அதைத்தான் தனக்குக் கிடைத்த தீட்சையாக அவர் கடைசிவரை கருதினார்.

இதில் ஒரு சுவையான விஷயம். வாழ்க்கையையே திருப்பிப் போட்ட அந்த மாலை எந்தப் பண்டிகை என்பது அவருக்குச் சரியாக நினைவில்லை. மலையில் தீபம் ஏற்றும் கார்த்திகையாக இருக்கலாம், தீபாவளியாகவும் இருக்கலாம் என்றே எழுதியிருக்கிறார். ஊருக்குப் புதிதாக வந்த வெளிநாட்டுக்காரருக்கு அடுத்தடுத்து வரும் இரண்டு விளக்குப் பண்டிகைகள் குழம்பிப் போனதில் ஆச்சரியம் இல்லை. பண்டிகையின் பெயர் மறந்துவிட்டது. அந்த மாலையில் கிடைத்தது மறக்கவில்லை.

மறுபடியும் ஒரு வீடு

அதன் பிறகும் பிழைப்பு அவர்களைத் துரத்தாமல் இல்லை. குடும்பத்தைக் காப்பாற்ற ஆர்தர் சென்னையில் பத்திரிகை வேலைக்குப் போனார். 1950 ஏப்ரல் 14 இரவு ரமண மகரிஷி மறைந்தார். பின்னர் கல்கத்தாவில் ஒரு பள்ளிக்கு முதல்வராகச் சில ஆண்டுகள் ஆர்தர் இருந்தார். எங்கே இருந்தாலும் திரும்பி வர வேண்டிய ஊர் எது என்பதில் இருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. 1950-களின் இறுதியில் திருவண்ணாமலைக்கே வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டார்கள்.

1954-ல் லண்டனில் வெளியான ஆர்தரின் ரமணர் வாழ்க்கை வரலாறு இன்றும் உலகம் முழுக்கப் படிக்கப்படுகிறது. 1964 ஜனவரியில் ஆசிரமத்தின் ஆங்கிலக் காலாண்டிதழான 'தி மவுண்டன் பாத்' தொடங்கியபோது அவர்தான் ஆசிரியர். 1970 மே மாதம் அவர் மறைந்த பிறகு அந்தப் பொறுப்பை ஏற்றவர் லூசியா. அந்த இதழ் இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

லூசியா பிறந்த நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. மலையடிவாரத்திலேயே இருந்து 1987-ல் மறைந்தார். போர் காரணமாகத் தற்காலிகமாகத் தங்க வந்த ஊரில் ஏறக்குறைய வாழ்நாளின் பாதியைக் கழித்துவிட்டார்.

அப்பாவுக்காக வேண்டிக்கொண்ட அந்தச் சிறுவன் என்ன ஆனான்? கொடைக்கானல் கான்வென்ட்டில் படித்து, பிறகு இங்கிலாந்து போய், பர்மிங்காமில் ரசாயனப் பொறியியலும் அமெரிக்காவில் முனைவர் பட்டமும் முடித்தான். 1981-ல் உலகக் கணினி வரலாற்றில் ஆடம் ஆஸ்போர்ன் என்ற பெயர் பதிவானது. கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய கணினியை முதன்முதலாகச் சந்தையில் வெற்றிகரமாக விற்றுக் காட்டியவர் அவர். 'ஆஸ்போர்ன் 1' என்ற அந்தக் கணினியின் எடை ஏறக்குறைய 11 கிலோ, திரை 5 அங்குலம், விலை 1,795 டாலர். பெட்டிபோல் மூடி, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிச் செல்லலாம். இன்று நம் மடியில் இருக்கும் லேப்டாப்பின் கொள்ளுத்தாத்தா என்று சொல்லலாம். வளர்ந்த வேகத்திலேயே அந்த நிறுவனம் 1983-ல் திவாலானது வேறு கதை.

உடல்நலம் குன்றிய காலத்தில் ஆடம் தேடி வந்தது தமிழ்நாட்டைத்தான். கொடைக்கானலில் இருந்த சகோதரியுடன் தங்கி, 2003 மார்ச்சில் அங்கேயே கண்மூடினார்.

நம் வீட்டுக் காலி இலை

எண்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு வெளிநாட்டுக் குடும்பம் நம் ஊரில் பண்டிகைக் காலத்தைக் கழித்த கதை இது. இன்று அதே கதை எதிர்த்திசையில் நடக்கிறது. டொராண்டோவில், நியூஜெர்சியில், மெல்போர்னில், துபாயில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள்! தீபாவளி வேலை நாளில் வந்தால் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, இட்லியை அவசரமாகச் சாப்பிட்டு ஆபீஸ் போய்விட்டு, சனிக்கிழமை வந்ததும் பண்டிகையைக் கொண்டாடுகிற வீடுகள். வெளியே பட்டாசு கிடையாது, அக்கம்பக்கத்து பலகாரத் தட்டு கிடையாது. கணவன், மனைவி, ஒரு விளக்கு, ஊரோடு ஒரு வீடியோ கால்.

திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமங்களிலேயே வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் அப்பாவை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீடுகள் உண்டு. கார்த்திகை அன்று மகள் மொட்டை மாடியில் நின்று போனைத் தூக்கிப் பிடித்து, "அப்பா, தீபம் தெரியுதா?" என்று கேட்பாள். அந்தப் பக்கம் ஒரு தங்கும் அறையில் பணி முடிந்து வந்தவர், "தெரியுதும்மா, தெரியுது" என்பார். மங்கலான சின்னத் திரையில் ஒரு புள்ளிதான் தெரியும். அது போதும்.

லூசியாவுக்கு அந்த வசதிகூட இருக்கவில்லை. ஆனாலும் அந்த நான்கு ஆண்டுகளை அந்தக் குடும்பம் கடந்து வந்த விதத்தில் நாம் எடுத்துக்கொள்ளச் சிலது இருக்கிறது.

தனியாக இருந்தாலும் அவர்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கவில்லை. ஊரின் நாட்காட்டியோடு சேர்ந்துகொண்டார்கள். கார்த்திகை, மார்கழியில் வரும் பகவானின் ஜயந்தி, பொங்கல் என்று ஊர் எதற்காகக் கூடியதோ அதற்கு நடுவிலேயே குழந்தைகள் வளர்ந்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். ஊர்ப் பண்டிகையை வீட்டுக்குள் கொண்டாடுவது ஒரு பாதி. குடியேறிய ஊரின் பண்டிகைக்கு வெளியே வருவது மறுபாதி. பக்கத்து வீட்டு கிறிஸ்துமஸ் விளக்கைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற குடும்பத்துக்கு, அடுத்த தீபாவளிக்கு முறுக்குத் தட்டு கொடுக்க ஒரு வாசல் கிடைத்துவிடும்.

இன்னொன்று, இல்லாதவரைப் பற்றிப் பேசுவது. குழந்தை அழுமே என்று அப்பா பேச்சையே எடுக்காமல் இருக்கும் வீடுகள் உண்டு. இங்கே ஒரு சிறுவன் வாய்விட்டுக் கேட்டான். பெரியவர்கள் அதைத் தடுக்கவில்லை. இலை போடும்போது ஓர் இடம் குறைகிறது என்று குழந்தைகளுக்குத் தெரியத்தான் தெரியும். அந்த இடம் யாருடையது என்று சொல்லிவிட்டால் அவர்களுக்குப் பாதி பாரம் இறங்கிவிடும்.

2020-ல் கொரோனா காலத்தில் திருவண்ணாமலையே இப்படி ஒரு பண்டிகையைப் பார்த்தது. அந்த ஆண்டு நவம்பர் 29 அன்று மகாதீபம் ஏற்றப்பட்டபோது வெளியூர் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. கிரிவலத்துக்கும் தடை. 14 கிலோமீட்டர் பாதை வெறிச்சோடிக் கிடந்தது. வர முடியாதவர்கள் டி.வி.யில் தீபம் பார்த்து, வீட்டு வாசலில் அகல் ஏற்றினார்கள். கூட்டம் இல்லாவிட்டாலும் தீபம் தீபம்தான் என்று அன்று பல வீடுகள் சொல்லிக்கொண்டன.

ஊடலும் கூடலும்

திருவண்ணாமலையின் பண்டிகைக் காலம் தீபத்தோடு முடிவதில்லை. தை பிறந்து இரண்டாம் நாள், மாட்டுப் பொங்கல் அன்று, இந்த ஊரில் ஒரு விசேஷம் உண்டு. அதற்குப் பெயர் திருவூடல். அந்தப் பெயரில் ஒரு தெருவே இருக்கிறது.

சுவாமிமீது அம்மனுக்குக் கோபம். தன்னை வணங்காத பிருங்கி முனிவருக்கு அருள்செய்யப் போகிறாரே என்ற கோபம். சுவாமியும் அம்மனும் திருவூடல் தெருவில் எதிரெதிரே நிற்பார்கள். நடுவில் சுந்தரர் தூது போவார். சமாதானம் ஆகாது. அம்மன் கோயிலுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்வார். சுவாமி அன்றிரவு வெளியே தங்கி, மறுநாள் தனியாக மலையைச் சுற்றி வருவார். வந்த பிறகுதான் ஊடல் தீரும்.

கார்த்திகையில் ஒரே உடம்பாக ஆடி வந்த அதே இருவர்தான், தையில் ஒரு ராத்திரி பிரிந்திருக்கிறார்கள். மறுநாள் சுவாமி மலையைச் சுற்றிக்கொண்டு வரும்போது, வழியெங்கும் பெண்கள் கற்பூரத் தட்டோடு வாசலில் நிற்பார்கள். ஊர் முழுக்க ஒருவர் வீடு திரும்புவதற்காகக் காத்திருக்கும்.

1945 முடிந்து 1946 பிறந்து, அந்தத் தை வந்தபோது செங்கம் சாலையோரத்து அந்த வீட்டில் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.